தமிழ் என்று ஒருமுறை சொன்னால் போதாதா?

லினக்ஸ் டெஸ்க்டாப் செயலிகளை எழுதுவோருக்கும், அவற்றைத் தொகுத்து வழங்குவோருக்கும்,

நிறுவும்போதே எந்த மொழி வேண்டும் என்று கேட்கிறீர்கள். தமிழ் என்கிறோம். அந்தப் பதிலை எல்லாச் செயலிகளும் மதிக்க வேண்டும். என் மனக்குறை இவ்வளவுதான்.

என் அத்தை எல்லாவற்றையும் தமிழில் தட்டி வைப்பவர். அவர் கணினியில் மெனு முழுக்கத் தமிழ். சேமிப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்கும் சாளரம் மட்டும் ஆங்கிலம். தவறான பொத்தானை அழுத்தினார், எழுதியது அத்தனையும் போயிற்று. அந்தச் சாளரத்துக்கான தமிழ் வரிகள் அதே கணினியின் வட்டில்தான் இருந்தன. யாரோ ஒரு தன்னார்வலர் கூலி வாங்காமல் இரவெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்த்தவை. அந்த உழைப்பு திரைக்கு வராமல் கிடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விதி இல்லாமல் இல்லை. 1989-இன் ஆன்சி சி தரத்திலேயே, மொழியை அமைக்கும் செட்லோக்கேல் சார்பு வந்துவிட்டது. மொழியைச் சொல்லும் சூழல் மாறிகளுக்கான போசிக்ஸ் வரிசையும் தெளிவானது: எல்சி_ஆல் இருந்தால் அது, இல்லையென்றால் எல்சி_மெசேஜஸ், எல்சி_டைம் போன்ற தனித்தனி மாறிகள், அவையும் இல்லையென்றால் லாங். குனு கெட்டெக்ஸ்ட் இதற்கு மேல் லாங்குவேஜ் மாறியைச் சேர்த்தது. தமிழில் இல்லாத வரியைச் சிங்களத்தில் காட்டு, அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் காட்டு என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் வரிசை போட்டு வைக்கலாம். அரைகுறை மொழிபெயர்ப்போடு காலம் தள்ளும் மொழிகளுக்கு இது பெரிய வரம். ஆனால் செயலி காட்டும் செய்திகளைப் பொறுத்தவரை லாங்குவேஜ் எல்சி_ஆலையும் மிஞ்சும். அதன் பழைய மதிப்பு எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் லாங்கை எத்தனை முறை மாற்றினாலும் மெனு அசையாது.

மாற்றுவது எங்கே என்பது அடுத்த பாடு. பேஷ்ஆர்சி கோப்பில் எழுதினால் டெர்மினலில் பெயர் தட்டித் திறக்கும் செயலிக்கு மொழி போய்ச் சேரும். அதே செயலியை மெனுவில் சொடுக்கினால் சேராது. கோப்பு தேர்ந்தெடுக்கும் சாளரத்தைப் பல செயலிகளில் போர்ட்டல் என்ற தனி நிரல் காட்டுகிறது. டி-பஸ் எழுப்பிவிடும் அந்த நிரல், செயலியின் மொழியை அறியாது. பயர்பாக்ஸுக்கும் லிப்ரேஆபிசுக்கும் மொழிப் பொதியும் தனி, அமைப்பும் தனி. பிளாட்பேக்கோ இடத்தை மிச்சம் பிடிக்க, அந்தக் கணினியில் அமைத்திருக்கும் மொழிகளின் கோப்புகளை மட்டும் இறக்குகிறது. பிறகு மொழியை மாற்றினால் புது மொழியில் காட்ட ஒன்றும் இராது.

தவித்து நிற்பவரிடம் எல்சி_ஆலைப் போட்டுவிடு என்கிறார்கள். அது தேதி, தசமப் புள்ளி, அகர வரிசை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடும். தமிழ் மெனுவும் ஆங்கிலத் தேதியும் கேட்பவருக்கு அது உதவாது.

செயலி எழுதுவோரே, உங்கள் செயலியில் தனி மொழி அமைப்பு இருக்கட்டும். அதன் இயல்புநிலை கணினி சொல்வதைப் பின்பற்றுவதாக இருக்கட்டும். டெஸ்க்டாப் அமைப்போரே, பயனர் மொழியை மாற்றியதும் சிஸ்டம்டியின் பயனர் சூழலிலும் அதை எழுதுங்கள். பழைய லாங்குவேஜைத் துடையுங்கள். வெளியேறி மீண்டும் நுழைய வேண்டுமானால் தமிழிலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு செயலியும் தன் மொழியை எந்த மாறியிலிருந்து எடுத்தது என்பதை 'பற்றி' சாளரத்தில் ஒரு வரியாகக் காட்டட்டும். அந்த வரியோடு பிழை அறிக்கைகளை நாங்கள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தமிழில் கணினி பார்க்கும் ஒருவர்