பால்மரம் பார்க்காத தோட்டத்துப் பிள்ளைக்கு யார் பாடம் எழுதுவது?

2027-இல் நம் பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் வரவிருப்பதாகக் கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. கலைத்திட்டம் மாறினால் பாடநூல், பயிற்சித் தாள், காணொலி, இயங்கலைப் பாடம் எல்லாம் மாற வேண்டும். இவற்றைத் திட்டமிட்டு உருவாக்கும் துறைதான் கற்பித்தல் வடிவமைப்பு. எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து இத்துறையையோ ஆசிரியர் பணியையோ தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மென்பொருள் திறனைவிட அரிதானது, சரியாக முடிவெடுக்கும் திறன்.

பேராக் மாநில வரலாறே இதற்குச் சான்று. 1922-இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அதுதான். 1924 முதல் அங்கே ‘ஸாபா’ என அறியப்பட்ட ஸைனல் அபிடின் அகமட் மலாய்ப் பள்ளிகளுக்கான நூல்களை எழுதும், மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். அதே காலத்தில் பேராக் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்ப்பள்ளிகளோ தமிழ்நாட்டில் அச்சான பாடநூல்களைப் பெரிதும் நம்பியிருந்தன. லயத்தில் வளர்ந்த பிள்ளை, தான் பார்த்திராத ஊரின் ஆற்றையும் வயலையும் படித்தது. எழுதியவர்களுக்குத் திறமை குறைவில்லை. படிக்கும் பிள்ளை யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இன்று அந்தத் தவறு வேறு உருவில் வரலாம். ஈப்போவில் படிக்கும் ஒரு மாணவி, சுங்கை சிப்புட் பக்கம் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குக் கணிதப் பாடம் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பிள்ளைகள்தானே என்று எண்ணி, பால் வாளியையும் பால்மரத்தையும் வைத்துக் கணக்கு அமைக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெற்றோர் பலர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். மண்வாசனை என்று அவர் சேர்த்தது, அந்தப் பிள்ளைக்குத் தாத்தா சொன்ன கதை மட்டுமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவர் 30 பேருக்கும் குறைவான பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிப்பது உண்டு. ஆசிரியர் ஒரு பிரிவுக்குக் கற்பிக்கும்போது மற்றப் பிரிவு தானாக வேலை செய்ய வேண்டும். ஒரே ஆண்டு மாணவர்களை மனத்தில் வைத்து எழுதிய பாடம் அங்கே பாதியில் நின்றுவிடும்.

இதையெல்லாம் எந்த மாதிரியும் நேரடியாகச் சொல்லித் தராது. 1970-களில் அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காக உருவான ‘எடி’ மாதிரியைத்தான் இத்துறை மாணவர்கள் பெரும்பாலும் முதலில் படிக்கிறார்கள். பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என ஐந்து படிகள். ‘மாணவரைப் பகுப்பாய்வு செய்’ என்று அது சொல்லும். யாரிடம் போய் என்ன கேட்பது, கிடைத்த பதிலில் எதை நம்புவது, நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தொழில் வல்லுநர் வேலை செய்துகொண்டே சிந்தித்துத் தன் போக்கைத் திருத்திக்கொள்கிறார் என்று டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதியதும் இதைத்தான்.

அந்தத் திறனை எப்படி வளர்ப்பது? முதலில், பாடம் எழுதுமுன் பள்ளிக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அடுத்து, ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். ‘காணொலிக்குப் பதில் அச்சுத்தாள்: வீட்டில் ஒரே கைப்பேசி’ என்று எழுதினால் போதும். பாடம் நடந்த பிறகு அந்த வரியை மறுபடி படியுங்கள். காரணம் சரியா, வெறும் ஊகமா என்று தெரிந்துவிடும். கடைசியாக, பாடத்தை அந்த வகுப்பு ஆசிரியரிடம் காட்டி, “இது எங்கே நிற்கும்?” என்று கேளுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் பாராட்டுத்தான் கிடைக்கும்.

புள்ளிகளுக்காகச் செய்யும் இடுபணியில் தவறான ஊகம் இரண்டு புள்ளிகளைக் குறைக்கும். பத்துப் பேர் படிக்கும் தோட்டப் பள்ளியில் அதே ஊகம், ஒரு பிள்ளையைக் ‘கணக்கு எனக்கு வராது’ என்று நம்ப வைத்துவிடும். பல்கலைக்கழகத்தில் இடுபணி எழுதும்போதே அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிப் பழகுங்கள்.