பீரோவைக் காலி செய்தால் மேஜை காலியாகுமா?

நேற்று என் பழைய மாணவி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். பிளஸ் டூவில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. அதில்தான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். "ரொம்ப ஸ்லோ சார். போட்டோ எல்லாம் அழிச்சும் சரியாகலை. கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றாள். அவள் அம்மாவுக்கு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வேலை. புதுசுக்கு எங்கே போவாள்?

ஹார்ட் டிஸ்க் பீரோ என்றால் ராம் மேஜை. போட்டோவை அழித்தால் பீரோதான் காலியாகும். மேஜை நிறைந்துவிட்டால், கணினி ஒவ்வொன்றையும் பீரோவுக்கும் மேஜைக்குமாகத் தூக்கிக்கொண்டு அலையும். ஸ்லோ ஆவது அதனால்தான்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். மெமரி 94 சதவீதம்! குரோமில் முப்பது டேப். வேண்டாததை மூடினோம். கணினி போட்டதும் தானாகத் திறப்பவற்றையும் நிறுத்தினோம். 60-க்கு இறங்கியது. இதற்கும் சரியாகாவிட்டால் ராம் கூட்டிப் போடலாம். புதுசு வாங்குவதைவிடச் செலவு குறைவு.

2011 முதல் அரசு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. இந்தப் பத்து நிமிடப் பாடத்தைக் கொடுக்காமல் விட்டது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். இனியாவது சொல்லிக் கொடுப்போம்.