குழந்தையும் இடையுணவும்

உணவுக்குரிய வேளைகளை வகுத்தவர் வளர்ந்தவர். உழவர் தம் உழைப்பை நோக்கிக் கஞ்சிப் பொழுதையும் சோற்றுப் பொழுதையும் அமைத்துக்கொண்டனர். நகர வாழ்வினர் அலுவல் நேரத்தை நோக்கிக் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையாக்கினர். இவ்வமைப்பினுள் மூன்றாண்டுக் குழந்தையைப் புகுத்தும்போதுதான் இல்லந்தோறும் ஒரு வழக்கு எழுகின்றது.

அவ்வழக்கை ஒரு வீட்டில் காணலாம். பிற்பகல் நான்கு மணி. மூன்றாண்டுப் பெண் குழந்தை அடுக்களை வாயிலில் நின்று அழுகின்றது. "வேளைக்குச் சோறு உண்ணாத பிள்ளைக்கு நடுவே தீனி எதற்கு? பசித்தால் இரவில் தானே உண்பாள்" என்கின்றார் பாட்டி. "நண்பகலில் அவள் உண்டது நான்கு வாய்தானே, அத்தை! இரவு எட்டு மணிவரை எவ்வாறு பொறுப்பாள்?" என்கின்றாள் மருமகள். அந்நேரத்தில் கடைத்தெருவிலிருந்து திரும்பிய தந்தை, இருவர் சொல்லையும் கேளாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தை எடுத்துக் குழந்தையிடம் நீட்டுகின்றார். அழுகை நின்றது, வழக்கு தீரவில்லை.

பாட்டியின் சொல்லுக்குப் பின்னே நெடிய மரபு உண்டு. முன்னர் உண்டது செரித்தமை அறிந்து, அதன் பின்னரே அளவோடு உண்ணுதல் வேண்டும் என்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் உணர்த்தும் நெறி. மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது இடையுணவை விலக்குவதுபோலத் தோன்றும். ஆனால் அந்நெறி கடிகாரத்தை அளவாகக் கொள்ளவில்லை. செரித்தலையே அளவாகக் கொண்டது. நண்பகலில் உண்ட நான்கு வாய்ச் சோறு குழந்தையின் வயிற்றில் மாலைவரை தங்குமோ? தங்காது. ஆயின், செரித்தபின் உண்க என்ற அந்நெறியே நான்கு மணிக்கு அக்குழந்தைக்கு உணவளிக்கச் சொல்கின்றது. பாட்டி பற்றிக்கொண்ட கோல் மருமகளுக்கே துணையாயிற்று.

உடல்நூலார் கூறுவனவும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. எட்டுக் கிலோகிராம் எடையுள்ள மழலையின் இரைப்பை ஒரு வேளையில் கொள்வது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர். ஒரு குவளை அளவு எனலாம். மூன்றாம் ஆண்டில் அது சற்றே பெருகும், அவ்வளவே. கலம் சிறிது, தேவையோ பெரிது. எடைக்கு எடை ஒப்பிட்டால், ஓடியாடும் சிறு குழந்தைக்கு வேண்டும் ஆற்றல், அமர்ந்து தொழில் செய்யும் பெரியவர்க்கு வேண்டுவதினும் இருமடங்கிற்கு மேலாகும். ஐந்தாண்டுக் குழந்தையின் மூளை மட்டுமே உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை ஈர்த்துக்கொள்கின்றது. பெரியவர் உடலில் கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சருக்கரைப் பொருள் பல மணி நேரம் கைகொடுக்கும். குழந்தையிடம் அச்சேமிப்புக் குறைவு. நீர்த்த கஞ்சியும் இரசம் மிகுத்துப் பிசைந்த சோறும் அச்சிறு வயிற்றை விரைவில் நிரப்பிவிடும். ஆனால் நெடுநேரம் தாங்கா. வேளை தப்பிய குழந்தை காரணமின்றிச் சிணுங்குவதும், பிடிவாதம் கொள்வதும், விளையாட்டை விட்டுச் சுருண்டு படுப்பதும் குணக்குற்றம் எனப் பல இல்லங்களில் கருதப்படுகின்றன. அவற்றுட் பல பசியின் குற்றமே.

பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசப் புலவர், குழந்தை சோற்றைக் கையால் துழாவி மேனியெங்கும் சிதறுவதை இன்பக் காட்சியாகப் பாடினார். அப்பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. சிதறியது போக வயிற்றுக்குட் சென்றது எவ்வளவு என்று அரசர் கணக்கிடவில்லை. அக்கணக்குத் தாயினுடையது. ஓராண்டு முதல் ஈராண்டு வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், விரும்பினால் ஒன்று அல்லது இரண்டு முறை சத்துள்ள இடையுணவும் அளிக்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் வழிகாட்டியிருப்பது அத்தாயின் கணக்கைத்தான்.

ஆயின், தந்தை நீட்டிய பொட்டலம் சரியானதுதானோ என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் உள்ளது.

பழந்தமிழர் உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நான்காக வகுத்தனர். தின்பன உணவுக்குப் புறம்பானவை அல்ல. உணவின் ஒரு கூறே. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரைத் தெருவில் மோதகம் விற்போரைக் காணலாம். பிற்காலத்தில் தீனி என்னும் சொல், மாட்டுக்கு இடுவதற்கும் குழந்தை கொறிப்பதற்கும் பொதுவாயிற்று. சொல் தாழ்ந்தபோது பொருளும் தாழ்ந்தது போலும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்னும் பழமொழியை நொறுக்குத் தீனிக்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர்! அப்பழமொழி நன்கு மென்று தின்பதைக் கூறியதேயன்றி, முறுக்கைக் கூறியதன்று.

பிஸ்கோத்தில் இருப்பவை பெரும்பாலும் மைதா மாவும் சருக்கரையும் கொழுப்பும். காற்றடைத்த வறுவல் பொட்டலத்தில் உப்பும் எண்ணெயும் மிகுதி, காற்றும் மிகுதி. இவை பசியைப் போக்கா, மறைக்கும். மறைந்த பசி இரவுச் சோற்றின்முன் வாயை மூடிக்கொள்கின்றது. மறுநாள் நண்பகலிலும் அவ்வாறே. குழந்தை நாள் முழுவதும் எதையோ தின்றுகொண்டிருக்கின்றது. ஆயினும் எடை ஏறவில்லை, குருதியில் இரும்புச்சத்துப் போதவில்லை. வாய் ஓயாத வீட்டிலேயே குழந்தை மெலியும் இவ்வவலம், பட்டினி கிடக்கும் வீட்டின் அவலத்தைப்போல வெளியே தெரிவதில்லை. அண்டை அயலாரும் அறியார், பெற்றோரும் அறியார். பிஸ்கோத்தைத் தேநீரில் தோய்த்துக் கொடுப்பது இன்னும் தீது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தேநீர் குறைத்துவிடும்.

பற்களின் செய்தியும் ஒன்று உண்டு. இனிப்பு வாயிற் பட்டவுடன் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளியமாக மாற்றுகின்றன. உமிழ்நீர் அதனை அடக்கிப் பல்லை மீண்டும் காக்க அரைமணி நேரமேனும் வேண்டும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால், பல்லுக்கு ஓய்வேது? சுவீடன் நாட்டில் விப்பேகோல்ம் என்னும் மருத்துவமனையில் 1940களில் தொடங்கி நடைபெற்று, 1954 ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. உணவோடு சேர்த்து உண்ட சருக்கரையினும், உணவு வேளைகளுக்கு இடையே தின்ற ஒட்டும் மிட்டாய்கள் பற்களை மிகுதியாக அரித்தன. தம் ஒப்புதலைக் கூற இயலாத, அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளர்க்கு மிட்டாய் ஊட்டிப் பற்களைக் கெடுத்து அறிந்த உண்மை அது. அச்செயல் அறமன்று எனப் பின்னர்க் கடியப்பட்டது.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பழமொழி. அழுதற்கெல்லாம் பால் என்று அது கூறவில்லை. விழுந்து அழுத குழந்தைக்கும், தூக்கம் வந்து அழுத குழந்தைக்கும், தாய் வேலைக்குப் புறப்படும்போது அழுத குழந்தைக்கும் மிட்டாயே மருந்தாயின், பசி வேறு துயர் வேறு என்பதைக் குழந்தை அறியாமலே வளரும். பசித்து உண்டு, நிறைந்தவுடன் நிறுத்தும் அறிவு குழந்தைக்கு இயல்பாகவே உண்டு. 'இன்னும் ஒரு வாய்' என்று கைப்பேசியைக் காட்டித் திணிக்கும் செல்வ இல்லமும், அழுகையை அடக்கப் பொட்டலம் நீட்டும் எளிய இல்லமும் அவ்வறிவைக் கெடுப்பதில் ஒன்றாகிவிடுகின்றன.

எளிய இல்லத்தைக் குறை கூறுவது எளிது, தகாது. விடியலில் களையெடுக்கச் செல்லும் தாய், மூத்த பிள்ளையிடம் பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, "தங்கச்சி அழுதால் ஏதாவது வாங்கிக் கொடு" என்று சொல்லிச் செல்கின்றாள். தெருமுனைக் கடையில் அந்நாணயத்திற்குக் கிடைப்பது பொட்டலமே. அவித்த பயறு அங்கே தொங்குவதில்லை. முற்காலத்தில் பிள்ளைகள் எல்லாரும் அவலும் எள்ளுருண்டையும் தின்று நலமாய் வாழ்ந்தனர் என்று பெருமூச்செறிவோர், அக்காலத்தில் ஐந்து வயது காணாமல் மறைந்த குழந்தைகளை மறந்துவிடுகின்றனர். தமிழ்நாட்டில் மதிய உணவுத் திட்டம் 1956 இல் காமராசர் ஆட்சியில் தொடங்கியதும், 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்ததும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பெற்றதும் வீட்டுப் பானை போதாமை கண்டே. காலையில் வெறுவயிற்றோடு வந்த பிள்ளை இடைவேளை மணியடித்தவுடன் மிட்டாய்க் கடைக்கு ஓடுவதைச் சிற்றுண்டி ஆசை என்று சினந்தவர்கள், அது தவறிய காலையுணவு என்பதை எண்ணினாரல்லர்.

இடையுணவு எனத் தகுவது பெருஞ்செலவு உடையதும் அன்று. இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ காலையில் அவித்து வைத்தால் மாலைச் சுண்டல் ஆயிற்று. சிறு குழந்தைக்கு அதனை நன்கு மசித்துக் கொடுத்தல் வேண்டும். வாழைப்பழம், அவித்த சருக்கரைவள்ளிக் கிழங்கு, அவித்த முட்டை, கேழ்வரகு அடை, வெல்லம் சிறிதே சேர்த்த பொட்டுக்கடலை மாவு ஆகியவையும் உள. குழந்தைகள் மையத்தில் அளிக்கும் சத்துமாவைப் பிசைந்து நான்கு உருண்டை பிடித்தால் அதுவும் இடையுணவே. வேர்க்கடலை மிக நல்லது. ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு முழுக் கடலையாகக் கொடுத்தல் ஆகாது. மூச்சுக் குழலில் சிக்கி உயிருக்கு ஊறு செய்யும். பொடித்தே கொடுத்தல் வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் இது பொருந்தும். அதன் இனிப்பை எண்ணினால், நாள்தோறும் என்பதினும் திருவிழாவுக்கு என்பது நன்று.

பொழுதும் அளவும் தாயின் கையில் இருத்தல் வேண்டும். உண்பதா வேண்டாவா என்பது குழந்தையின் விருப்பில் இருத்தல் வேண்டும். அடுத்த வேளைக்கு இரண்டு மணி நேரமேனும் முன்னதாகக் கொடுத்தால் இரவுச் சோறு தடைப்படாது. இடையில் தாகத்திற்கு நீரே போதும். குழந்தை வளர வளர இத்தேவை சுருங்கிவிடும். மூன்று வேளையும் நிறைய உண்ணும் எட்டாண்டுச் சிறுவனுக்கு மாலையில் ஒன்று இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. பத்து வயதுப் பிள்ளை பாடம் படிக்கும்போது அருகே கிண்ணம் இருத்தல் வேண்டும் என்பது பழக்கமேயன்றிப் பசியன்று.

முன்னர்க் கூறிய வீட்டில் மறுவாரம் பாட்டியே தட்டைப்பயறு ஊறவைத்தார். "நான்கு மணிக்குத் தருகின்றேன், ஆனால் எட்டு மணிச் சோற்றை இவள் மறுத்தால் உன்னைத்தான் கேட்பேன்" என்று மருமகளிடம் கூறினார். பேத்தி இரண்டு பிடி தின்று, மூன்றாவதைக் கிண்ணத்திலேயே விட்டு ஓடினாள். எவரும் துரத்தவில்லை. எட்டு வயது அண்ணன் அருகில் வந்து நின்றான். நண்பகலில் அவன் வயிறார உண்டவன். அவனுக்கு அது தேவையில்லை என்பதைப் பாட்டியும் அறிவார். எனினும், தங்கை தின்ன அவன் பார்த்து நிற்பதைப் பொறுக்கும் பாட்டி எந்த ஊரில் உள்ளார்? மறுநாள் முதல் இருவர்க்குமாகப் பயறு ஊறியது.