குற்றம் பிள்ளையிடமா, கிட்டாரிடமா?

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடியில் ஒரு வழக்கம் இருந்தது. கடலிலிருந்து வந்த சிப்பிகளைத் திறந்து பார்க்க மாட்டார்கள். மூடியபடியே குவித்து வைத்து, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவருக்கு உள்ளே ஆணிமுத்தும் கிடைக்கலாம். வெறும் சதையும் கிடைக்கலாம். எல்லாம் அதிர்ஷ்டம்தான்!

அந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால், மூடிய சிப்பியை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது அட்டைப் பெட்டியில் வருகிறது. கைப்பேசியில் படம் பார்த்து, பணம் கட்டி, வாசலில் வந்து இறங்குகிற விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார்தான் அது!

தூத்துக்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். மகன் பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோவில் பாடல் குழுவில் ஓர் அண்ணன் கிட்டார் வாசிப்பதைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது.

"அப்பா, எனக்கும் ஒரு கிட்டார் வாங்கித் தாங்கப்பா."

"எவ்வளவுடா ஆகும்?"

"பத்தாயிரம் இருந்தா போதும்ப்பா."

பத்தாயிரம் ரூபாய் சிறிய தொகையா? அம்மா சீட்டு எடுத்துத் தருகிறாள். கிட்டார் வருகிறது. சிவப்பு நிறம், பளபளப்பு. வீடே கூடி நின்று பார்க்கிறது. முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். இரண்டாவது வாரம் விரல் வலி. மூன்றாவது மாதம் கிட்டார் பீரோவின் மேலே ஏறிவிடுகிறது.

"இவனுக்கு ஞானம் இல்லை" என்கிறார் அப்பா. பையனும் தலை குனிந்து அதை ஒப்புக்கொள்கிறான்.

இந்தத் தீர்ப்பு சரியா? பல வீடுகளில் இது தவறான தீர்ப்பு. குற்றவாளி பிள்ளை அல்ல. பீரோவின் மேல் இருக்கும் கிட்டார்தான்! அதுவும் அது மலிவானது என்பதால் அல்ல. அதை யாரும் சோதிக்கவில்லை, சரி செய்யவில்லை என்பதால்தான்.

மலிவு குற்றமல்ல

எலக்ட்ரிக் கிட்டாரின் கதையே சிக்கனத்தின் கதை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் என்று ஒருவர் இருந்தார். ரேடியோ பழுது பார்ப்பது அவர் தொழில். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! அவர்தான் 1950-இல், கெட்டியான மரப்பலகையில் செய்த எலக்ட்ரிக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிட்டாரின் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல், நான்கு திருகாணிகளால் உடலோடு இணைத்தார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறு கழுத்தை மாட்டிவிடலாம். செய்யவும் எளிது, பழுது பார்க்கவும் எளிது. இன்றைக்கும் விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் செய்யப்படுகின்றன.

இங்கிலாந்தில் பிரையன் மே என்று ஒரு பையன். கடையில் கிட்டார் வாங்கப் பணம் இல்லை. 1963-இல் அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்கு, பழைய கணப்பு அடுப்பின் மேல் இருந்த மரம். உள்ளே, பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங். அந்தக் கிட்டாரோடுதான் அவர் பிற்காலத்தில் 'குயீன்' இசைக்குழுவில் உலகம் முழுவதும் வாசித்தார்!

ஆகவே, விலை குறைவு என்பதற்காக ஒரு கிட்டாரை இகழ வேண்டியதில்லை. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் இன்று எந்திரங்கள் மரத்தை அளவு தவறாமல் வெட்டுகின்றன. மலிவுக் கிட்டாரில் மிச்சம் பிடிக்கப்படுவது கடைசிக் கைவேலையில்தான். மெட்டுகளின் ஓரத்தை அராவுவது, கம்பியின் உயரத்தைச் சீராக்குவது, சுதியைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அங்கேதான் குறை வைத்துவிடுகிறார்கள். அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்ள முடியும். எப்படி?

முதலில் கை பார்க்கட்டும்

பெட்டி வந்தவுடன் மின்சாரத்தில் மாட்ட வேண்டாம். முதலில் கையால் பாருங்கள்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள்தான் மெட்டுகள். வீணையில் 24 மெட்டுகள். இதில் பெரும்பாலும் 21 அல்லது 22. கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மெட்டின் முனை ரம்பம் போலக் கீறினால் அது சரியாக அராவப்படவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, கழுத்தை நீளவாக்கில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தச்சர் பலகையைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய 40 கிலோ. ஓர் உப்பு மூட்டையை ராப்பகலாகக் கட்டித் தொங்கவிட்டது போல! கழுத்து வளையாமல் இருக்குமா? அதற்காகவே கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். 'டிரஸ் ராடு' என்று அதற்குப் பெயர். அதைத் திருகினால் வளைவு சரியாகும். ஆனால், பழகியவர்தான் அதைத் தொட வேண்டும்.

பிறகு கம்பியின் உயரம். இதுதான் முக்கியம். 12-ஆவது மெட்டுக்கும் அதன் மேலுள்ள கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். இது கூடக் கூட, கம்பியை அழுத்த அதிக வலு வேண்டும். விரல் வலிக்கும். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுதியும் விலகும். பிள்ளை வலியோடு வாசிக்கிறான். அப்படியும் அபசுரம் வருகிறது. அவன் எத்தனை நாள் பொறுப்பான்?

பெரும்பாலான கிட்டார்களில் ஒரு சிறு திருகியால் இந்த உயரத்தைக் குறைத்துவிடலாம். சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம் கிடைக்காமல் எத்தனை பிள்ளைகளின் ஆசை பீரோவின் மேல் ஏறிவிட்டது!

பிறகு காது கேட்கட்டும்

மின்சாரம் இல்லாமலே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் வாசித்துப் பாருங்கள். எங்காவது 'கிர்ர்' என்று இரைகிறதா? எங்காவது ஒலி எழுந்ததுமே செத்துவிடுகிறதா? அந்த இடத்தில் மெட்டு மேடுபள்ளமாக இருக்கலாம்.

அடுத்தது சுதிச் சோதனை. 12-ஆவது மெட்டு கம்பியின் சரிபாதி. அங்கே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி போல ஓர் ஒலி வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால், குதிரையில் கம்பி தங்கும் கட்டையைச் சற்றுப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கியிருந்தால், முன்னால் கொண்டுவர வேண்டும். சுதி பார்க்கும் கருவி இன்று கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இப்போது மின்சாரத்தில் மாட்டலாம். எலக்ட்ரிக் கிட்டார் எப்படி ஒலிக்கிறது? காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொட்டி அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் பாரடே கண்டார். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு அடிப்படையும் இதே விதிதான். அங்கே பெரிய காந்தம் சுழல்கிறது. கிட்டாரில் எஃகுக் கம்பி அதிர்கிறது. அதன் அடியில் 'பிக்-அப்' என்ற கருவி இருக்கிறது. அதற்குள் காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. அங்கே பிறக்கும் சிறு மின்சாரத்தைப் பெரிதாக்கி ஒலிக்கச் செய்வது 'ஆம்ப்ளிபயர்' பெட்டி.

ஒற்றைச் சுருள் பிக்-அப் தெளிவாக ஒலிக்கும். ஆனால், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடிக்கும். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்தால் அந்த இரைச்சல் அடங்கும் என்று 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் செய்து காட்டினார். ஆகவே, ஒற்றைச் சுருள் கிட்டார் லேசாக இரைந்தால் பயப்பட வேண்டாம். குமிழைத் திருகும்போது 'கரகர' என்றால், ஒலி விட்டுவிட்டு வந்தால், அதுதான் கோளாறு.

பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. கிட்டாரின் எஃகுக் கம்பிகள் ஆம்ப்ளிபயரின் 'எர்த்' இணைப்போடு சேர்ந்தவை. மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டு மாட்டாதீர்கள். ஈரக் கையோடு பிள்ளையை வாசிக்க விடாதீர்கள். இதில் சிக்கனம் ஆகாது!

உப்புக் காற்றுக்கு ஒரு துணி

தூத்துக்குடிக்கென்று ஒரு தனி எதிரி உண்டு. ஊருக்குச் சோறு போடும் உப்புதான் அது! உப்பளக் காற்றும் கடல் காற்றும் சைக்கிள் செயினையே துரு ஏற்றுகின்றன. மெல்லிய கிட்டார் கம்பியை விட்டுவைக்குமா? துருவேறிய கம்பி விரலைக் கீறும், ஒலியும் மங்கும். "கிட்டார் கெட்டுவிட்டது" என்பார்கள். கெட்டது கிட்டார் அல்ல, கம்பிதான்.

வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். சுவரில் மாட்டி வைக்காமல் உறைக்குள் வைக்க வேண்டும். கம்பி மங்கினால் மாற்ற வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. பழக்கம்தான் வேண்டும்.

வெள்ளைக்காரன் வாத்தியமா?

"வீணை இருக்கிறது, வயலின் இருக்கிறது. இந்த வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு?" என்று வீட்டில் ஒரு பாட்டி கேட்கலாம். பாட்டிக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில்!

முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர். சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் அவர். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். அன்று வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

மின்சார வாத்தியத்தில் கமகம் வருமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்து உலகத்தை வியக்க வைத்தவர் யூ.ஸ்ரீநிவாஸ். 2014-இல் மறைந்த அவருக்கு 1998-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார் பிரசன்னா. வாத்தியம் எந்த ஊரில் பிறந்தால் என்ன? வாசிக்கிற கைக்குத்தான் ஊர் உண்டு.

தீர்ப்பை மாற்றுங்கள்

ஆகவே, கிட்டார் கேட்கிற பிள்ளைக்குக் கடன் வாங்கி அரை லட்சம் ரூபாயில் வாங்கித் தர வேண்டியதில்லை. விலை குறைந்த கிட்டாரே போதும். ஆனால், மூடிய சிப்பியாக வாங்காதீர்கள். முடிந்தால் கடைக்குப் போய், வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, கையால் தொட்டு, காதால் கேட்டு வாங்குங்கள். தபாலில் வந்தால், திருப்பி அனுப்பும் நாள் கடப்பதற்குள் சோதித்துவிடுங்கள். கையில் உள்ள பணத்தை எல்லாம் கிட்டாருக்கே கொடுத்துவிடாமல், அதில் ஒரு சிறு பங்கை, பழகிய ஒருவரிடம் கொடுத்துச் சரி செய்யும் கூலிக்கு ஒதுக்குங்கள். நிறத்துக்கும் பளபளப்புக்கும் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட இந்தக் கூலி மேல்.

அதன் பிறகும் முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கும். தோல் தடித்ததும் வலி போய்விடும். நாள்தோறும் கால் மணி நேரம் வாசித்தால் போதும். அந்தக் கால் மணி நேரம் வீட்டில் டெலிவிஷனை நிறுத்தி வையுங்கள். அதற்குக் காசே வேண்டாம்!

பீரோவின் மேல் ஏற்கெனவே ஒரு கிட்டார் தூசி படிந்து கிடக்கிறதா? இன்றே இறக்குங்கள். புதுக் கம்பி மாட்டுங்கள். உயரத்தைச் சரி பாருங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுங்கள்.

சிப்பியைத் திறந்து பார்க்காமலே முத்து இல்லை என்று சொல்லலாமா? பிள்ளைக்கு ஞானம் இல்லை என்று சொல்வதும் அப்படித்தான்.