பண்ணைக்கேற்ற குறடு

மண்வெட்டி வாங்கும்பொழுது அதனைத் தட்டி ஓசை கேட்டு, விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிற குடியானவர், குறடு வாங்கும்பொழுது மட்டும் விலை ஒன்றையே விசாரித்து, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார். இது வியப்பாகவே இருக்கிறது.

பம்புசெட்டும் குழாய்களும் பரவியபின், வாயின் அகலத்தை மாற்றத்தக்க குறடு பண்ணைக்கு இன்றியமையாததாயிற்று. கடைவீதியில் இதனை 'வாட்டர் பம்பு பிளேயர்' என்பர். பழைய மோட்டார் வண்டிகளின் தண்ணீர்ப் பம்பு மரைகளை இறுக்க உதவியமையால் இப்பெயர் வழங்கலாயிற்று. பள்ளங்களில் நாக்குப் பொருந்தி நிற்கும் அமைப்பை, அமெரிக்காவில் மீட்வில் நகரத்துச் சாம்பியன் டிஆர்மெண்ட் கம்பெனியின் எஞ்ஜினீயர் ஹோவர்டு மானிங் என்பார் 1933-இல் வகுத்தார். 1934-இல் அதற்குப் பேட்டண்டு உரிமை கிடைத்தது. பிடித்து அழுத்துகையில் இணைப்பு நழுவாதிருத்தலே இவ்வமைப்பின் நோக்கம். ஆகவே, நழுவுகிற குறட்டை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அது வீண் செலவேயாகும்.

மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்திற்குள் வயலுக்கு நீர் பாய வேண்டும். அவ்வேளையில் குழாய் இணைப்புக் கசிய, குறடு வழுக்கி விரல் நசுங்குமானால், மிச்சம் பிடித்த பணம் வைத்தியத்திற்கும் போதாது. எனவே, கடையிலேயே சோதித்து வாங்குதல் நலம். முதலாவது, வார்ப்பிரும்பாலானது கூடாது. அடித்து உருவாக்கிய எஃகாக இருத்தல் வேண்டும். குரோம் வனேடியம் எஃகு மேலானது. வாயை மூடி வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், இரண்டு தாடைகளும் கோணலின்றி அமைந்திருக்க வேண்டும். கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதிதாயிருக்கும்போதே ஆட்டம் காண்பது ஓராண்டில் என்னாகும்? ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்து, ஒரு குழாய்த் துண்டைக் கவ்வி முழு வலிமையுடன் அழுத்தி, இணைப்பு தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பாராயின் வேறு கடைக்குப் போகலாம். ஒரு தாடை மற்றொன்றின் நடுவே நுழைந்து இருபுறமும் தாங்கப்பெறும் அமைப்பு, ஒன்றன்மேலொன்று படிந்திருப்பதைவிட உறுதியானது, விலையும் கூடுதல்தான். பற்கள் தனியே கடினமாக்கப்பட்டிருத்தல் முக்கியம். சிறு அரத்தின் முனையைப் பல்லின்மேல் இழுத்தால், நல்ல பல்லில் அரம் வழுக்கும். மட்டமான பல்லில் கீறல் விழும்.

அளவில் 10 அங்குலமே, அதாவது 250 மில்லிமீட்டர், நித்திய உபயோகத்திற்குப் போதுமானது. நல்ல தயாரிப்பாயின் ஏறக்குறைய 2 அங்குலக் குழாய் வரை கவ்வும். பெரிதாய் வாங்கினால் மடியில் செருகிக்கொண்டு போகவியலாமல் வீட்டிலேயே கிடக்கும்.

கைப்பிடியின்மேலுள்ள பிளாஸ்டிக் உறையைப் பற்றி அழுத்தமாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கைக்கு இதமளிப்பதற்கேயன்றி மின்சாரத்தைத் தடுப்பதற்கன்று. 1000 வோல்ட் என்ற முத்திரையில்லாத குறட்டை நம்பி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கையை நுழைத்தல் உயிருக்கே ஆபத்து. முத்திரையிருப்பினும், மெயின் சுவிட்சை நிறுத்தியபின்னரே தொடுதல் வேண்டும்.

இக்கருவி ஸ்பானருக்குப் பதிலாகாது. பம்பின் கிளாண்டு மரைகளைக் குறட்டால் திருகினால் மூலைகள் மழுங்கி, பிறகு ஸ்பானரும் பிடிக்காது. பி.வி.சி. இணைப்புகளுக்குப் பழைய சைக்கிள் டியூபுத் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தால் பல் பதியாது. ஒருபுறம் திருப்புகையில் நழுவினால், குறட்டைப் புரட்டிப் பிடித்தால் கவ்வும். உரம் பட்ட கையால் எடுத்தபின் துடைத்து, இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விடுதல் போதும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஊர்க் குடிநீர்த் தொட்டியைக் கவனிப்பவருக்குச் சாமான்கள் வாங்குகையில், மிகக் குறைந்த விலைப்புள்ளியே ஏற்கத்தக்கதென்னும் எண்ணம் பரவலாயிருக்கிறது. கணக்கிற்கு அது பாதுகாப்பாகலாம். ஆனால் மூன்று மட்டக் குறடுகளை அடுத்தடுத்து வாங்குவது எவ்விதத்திலும் சிக்கனமன்று. விலைப்புள்ளி கேட்கும்போதே எஃகின் தரம், நீளம், பற்களின் கடினம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்டால், குறைந்த விலையை ஏற்பதில் யாதொரு தீங்குமில்லை. மாதிரி ஒன்றை வரவழைத்து, அதனைக் கையாளப்போகும் ஊழியரிடமே கொடுத்து, துருவேறிய ஒரு பழைய இணைப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபின் உத்தரவிடலாம்.