பிரண்டைத் துவையல் அரிக்காமல் இருக்க

பிள்ளைகளால் மனம் நொந்துபோன தாய், 'பெத்த வயித்துல பிரண்டையைத்தான் கட்டிக்கணும்' என்பாள். பச்சைப் பிரண்டை தோலில் பட்டால் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவர்கள் சொன்ன பேச்சு அது! அதே பிரண்டைதான் திவசச் சமையலில் துவையலாக இலையில் விழுகிறது.

அரிப்புக்குக் காரணம், தண்டுக்குள் இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட். கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருந்து கையையும் நாக்கையும் குத்துகிறது. ஆகவே சகோதரிகளே, பக்குவம் முக்கியம்.

வேலியில் பறிக்கும்போது நுனியில் இரண்டு, மூன்று கணு போதும். ஒடித்தால் 'படக்'கென்று ஒடியணும். நார் இழுத்தால் முற்றல், விட்டுவிடுங்கள். சாக்கடையோரம் படர்ந்தது வேண்டாம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, நாலு பட்டையிலும் உள்ள நாரை உரித்துப் பொடியாக நறுக்குங்கள்.

ஒரு கைப்பிடிப் பிரண்டைக்கு இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, நாலு மிளகாய் வற்றல், துளி பெருங்காயம் வறுத்துத் தனியே வையுங்கள். பிறகு தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் பிரண்டையை வதக்கணும். பச்சை நிறம் போய், சுருண்டு, பழுப்பாகிற வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. அவசரப்பட்டால் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய் சேர்த்து அரையுங்கள். புளியைக் குறைக்காதீர்கள். சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், எங்கள் வீட்டில் அன்று ரசத்துக்குச் சாதம் மிஞ்சாது.

'எலும்பு ஒட்டும்' என்கிறார்களே? 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கே.என். உடுப்பா குழுவினர் பிராணிகளிடம் இதைச் சோதித்தார்கள். முறிவு சீக்கிரம் கூடியது. அதற்காக, குழந்தை கையை ஒடித்துக்கொண்டு வந்தால் பிரண்டையை அரைத்துக் கட்டி வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீங்க. எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் பிறகு அவஸ்தை குழந்தைக்குத்தான். முதலில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு, துவையல் அப்புறம்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்ஸலேட் காரணமாக இதைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

வேலி இல்லாத வீடா? இரண்டு கணுத் துண்டைத் தொட்டியில் ஊன்றி, ஜன்னல் கம்பியோரம் வையுங்கள். தண்ணீர் கொஞ்சமாக விட்டாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும்.