அழகான ரூட்

நானும் ஓடுகிறவன்தான். அதனால் இந்தத் திட்டில் எனக்கும் பங்குண்டு.

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு மார்கழி ஒரு வரம். விடியற்காலையில் இருபத்திரண்டு டிகிரி. மே மாதத்தில் கனவுகூடக் காண முடியாது. நேப்பியர் பாலத்தில் தொடங்கி காமராஜர் சாலையில் தெற்கே ஓடினால் இடது பக்கம் முழுக்கக் கடல். கலங்கரை விளக்கம் வரும்போது இன்னும் இருட்டு. தூரத்தில் தண்ணீர்மேல் சின்னச் சின்ன வெளிச்சங்கள். பக்கத்தில் ஓடியவர் சொன்னார்: "செம வியூ பாஸ்!"

அது வியூ இல்லை பாஸ், படகு. நமக்கு முன்னாடியே எழுந்து வேலைக்குப் போனவங்க.

நாம் 42.195 கிலோமீட்டர் ஓடுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நகரம் சாலைகளை மணிக்கணக்கில் மூடுகிறது. தடுப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ், தண்ணீர், வாழைப்பழம். பஸ்கள் சுற்றிப் போகின்றன. யாரும் இதை ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. 'ஸ்பிரிட் ஆஃப் சென்னை' என்கிறார்கள்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் கடலை ஒட்டி லூப் சாலை. அங்கே நொச்சிக்குப்பம். பெண்கள் சாலையோரம் மீன் விற்றுவந்த இடம். ஞாயிறுதான் அவர்களுக்கும் பெரிய நாள். 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். குப்பத்துக்கு நடுவே சாலை வந்ததா, சாலைக்கு நடுவே குப்பம் வந்ததா? வயதைப் பார்த்தாலே தெரியும்.

"அதான் 2024ல மார்க்கெட் கட்டிக் கொடுத்தாச்சே?" என்பீர்கள். கொடுத்தார்கள், சரி. ஆனால் படகு கரையேறுவது, வலை காய்வது, வலையிலிருந்து மீனை எடுப்பது, கருவாடு போடுவது, இதற்கெல்லாம் மணல் வேண்டும். கூரையும் மேடையும் மட்டும் போதாது. மீனவர்களின் பொது இடங்களைக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. ரூட் மேப்பை மனப்பாடம் செய்கிற நம்மில் எத்தனை பேர் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

மெரினாவில் 'அழகு' என்பது சாதாரணச் சொல் இல்லை. 1985ல் கடற்கரையை அழகுபடுத்தத்தான் படகுகளையும் வலைகளையும் அகற்றப் பார்த்தார்கள். எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது, மீனவர்கள் செத்தார்கள். நாம் மூச்சிரைக்கக் கடக்கிற மணல் அது. இன்றும் 'சீனிக்' என்று நாம் ஒரு கடற்கரையைப் புகழும்போது, படகும் வலையும் மீன்வாடையும் இல்லாத கடற்கரையைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். அகற்றச் சொல்லி ஆணை போடுகிறவர்களின் மனதில் இருப்பதும் அதே படம்தான்.

ஓடாதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் அடுத்த ஜனவரியில் ஓடுவேன். விளையாட்டுக்காகச் சாலையை மூட முடிகிற ஊரில், பிழைப்புக்காகச் சாலையில் ஓரம் கேட்டால் மட்டும் ஏன் குற்றம்? கடலோரத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது குப்பத்து ஜனங்கள் மட்டும்தான் போய் நிற்கிறார்கள். நாலு மணி நேரம் ஓடத் தெம்பிருக்கிற நமக்கு, ஒரு மணி நேரம் அவர்களோடு போய் நிற்கத் தெம்பில்லையா?

மெடலை அப்புறம் மாட்டிக்கலாம் பாஸ்.